எந்த வீட்டுக்காரி என்று கேட்கும் கடை

எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு கடையின் மேல், அதுவும் ஷட்டர், கல்லாப்பெட்டி, முதலாளி எதுவுமே கண்ணில் படாத ஒரு கடையின் மேல், இத்தனை மாதமாகக் கோபமாக இருப்பேன் என்று நானே நினைத்ததில்லை. நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் அதற்கு ஒரு வாசற்படிகூடக் கிடையாது.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கிற கடை அது. பேரைச் சொல்லி அவனுக்கு விளம்பரம் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, நான், தம்பி. தம்பிக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அந்தக் கடையில் எங்களுக்கு இருந்ததும் ஒரே கணக்குதான், அது தம்பியின் பேரில். விளையாட்டு வாங்கியது பெரும்பாலும் என் சம்பளத்தில். யார் பேரில் இருந்தால் என்ன, ஒரே வீடுதானே என்று இருந்துவிட்டோம். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் விளையாடுவது ஒன்றே ஒன்றுதான். வெறும் பொட்டல் நிலத்தைக் கொடுப்பார்கள், அதில் நாம் ஒரு நகரத்தைக் கட்ட வேண்டும். ரோடு போட வேண்டும், குழாய் பதிக்க வேண்டும், பஸ் விட வேண்டும். என் நகரத்தில் சாக்கடை தெருவில் ஓடாது. போன வாரம் போட்ட ரோட்டை இந்த வாரம் தோண்ட மாட்டார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லாரி ஊருக்குள் நுழையாது. வருஷக்கணக்காக ஒவ்வொரு தெருவாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினது. தம்பி சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுக்காரன். "நகராட்சி வேலைய சம்பளம் இல்லாம பாக்கியே அக்கா" என்று கிண்டல் செய்வான்.

பிறகு கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். டவுன் பஸ்ஸில் ஏறிக் கண்ணசந்தால், முழிக்கும்போது ஊர் வந்திருக்கும், அவ்வளவு தூரம்தான். கணவர் அங்கே கோர்ட்டில் வக்கீல். நான் வீட்டிலிருந்தே கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். சீர்வரிசையில் கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் வந்தன. தம்பியின் கணக்கில் இருந்த விளையாட்டுகளை வண்டியில் ஏற்ற முடியவில்லை. அதற்குத்தான் கடையில் குடும்பப் பகிர்வு என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். எனக்கென்று தனியாக ஒரு கணக்குத் தொடங்கி, அதைத் தம்பியின் கணக்கோடு ஒரே குடும்பமாகச் சேர்த்தோம். அவன் பேரில் உள்ள விளையாட்டை நான் இங்கே என் லேப்டாப்பில் விளையாடினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பால்கோவா கடையின் கணக்கோடு மல்லுக்கட்டி முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் என் ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்தேன். விளையாடு என்ற பட்டன் செத்துப்போய்ச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதற்குக் கீழே, நீங்கள் இந்தக் குடும்பத்தின் வீட்டில் வசிப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி. உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, என் பேரை எடுத்துட்டியா?"

"நான் எதுக்குக்கா எடுக்கப் போறேன்? அவிய புது ரூல் போட்டிருக்காவ. ஒரே வீட்டுல, ஒரே நெட்டுல இருந்தாத்தான் குடும்பமாம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நீ இங்கன வந்து நம்ம வீட்டு வைஃபைல லாகின் பண்ணணுமாம்."

"பண்ணலேன்னா?"

"பண்ணலேன்னா நீ வேற குடும்பமாம்க்கா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், அதில்தான் எல்லாக் கடைக்காரர்களின் ஓடிபியும் வரும் என்பதால் எறியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ உட்கார்ந்து ரூல் போடுகிறவன், என் கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டே பெரியம்மாக்கள் சொன்னதை அப்படியே சொல்கிறான்: இனிமே அவ வேற வீட்டுப் பொண்ணு. கல்யாணமான சூட்டோடு ரேஷன் கார்டிலிருந்து என் பேரை எடுத்தார்கள். அம்மாவின் போனுக்கு வந்த ஓடிபியைத் தம்பி தட்டினான், காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அதற்காவது புருஷன் வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம்?

சரி, ஒழிந்து போகிறது, என் பேரிலேயே புதிதாக வாங்கிக்கொள்கிறேன் என்று தேடினால், அந்த விளையாட்டை விற்பதையே நிறுத்திவிட்டார்களாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் விளையாடலாம், புதிதாக யாருக்கும் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. அதை விளையாட வேண்டுமென்றால் எந்நேரமும் இணையம் இருக்க வேண்டும். தன்னந்தனியாக உட்கார்ந்து குழாய் பதிக்கிறவளுக்கு இணையம் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. என் லேப்டாப்பில் அது ஓடவும் ஓடாது. பழைய நகரத்தை அதற்குள் கொண்டுபோகவும் முடியாது. ஆக, என் நகரத்துக்கு உள்ளே போக மிச்சமிருந்தது ஒரே வழி, தம்பியின் கணக்கு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். பெண்டாட்டி பக்கம் பேசுவார் என்று நினைத்தது என் மடத்தனம். போனில் அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, சொத்து வழக்குக் கட்டைப் படிப்பதுபோல ரசித்துப் படித்தார்.

"நீ இதை விலைக்கே வாங்கலம்மா. பயன்படுத்திக்கிட அனுமதி வாங்கியிருக்க, அம்புட்டுதான். எப்ப வேணாலும் ரத்து பண்ணுவோம்னு தெளிவா எழுதியிருக்கான். நீங்களும் சம்மதம்னு அமுக்கியிருக்கிய."

"எல்லாரும்தான் அமுக்குதாங்க. எவன் படிச்சான்?"

"படிக்கலேன்னா அது அவன் தப்பா?"

"வாங்குங்கள்னுதாங்க பட்டன்ல எழுதியிருந்தான். வாடகைக்கு எடுங்கள்னா எழுதியிருந்தான்? அப்ப என் நகரம்?"

"பட்டா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மறுநாள் காலையில் காப்பியை அவரே போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். விளையாட்டுக்கென்று வாங்கிய லேப்டாப், அம்மிக்கல் கனம். கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெரிய பையும் கையுமாகப் புருஷன் இல்லாமல் தனியாக வந்து நின்ற என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. எதிர்வீட்டு அம்மா வேறு, மாப்பிள்ளை வரலையா என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போனாள்.

"ஏட்டி, பையில என்ன, சேலையா?"

"லேப்டாப்பும்மா. லாகின் பண்ணிட்டுச் சாயங்காலம் போயிருவேன்."

அம்மா நம்பவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து, முதலில் கடையின் செயலியைப் புதுப்பித்து, பிறகு விளையாட்டுக் கம்பெனியின் செயலியைத் தனியாகப் புதுப்பித்து, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு விளையாட்டைத் திறக்க எதற்கு இரண்டு வாட்ச்மேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த நேரத்தில் அம்மா கொல்லைப்புறம் போய் என் கணவருக்குப் போன் போட்டிருக்கிறாள். "எம்மவ கொஞ்சம் கோவக்காரி மாப்ள. நீங்கதான் அனுசரிச்சுப் போவணும்" என்று சொன்னாளாம். நான் வீடு திரும்பியதும் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விளையாட்டுக்கு லாகின் பண்ணப் போனவளைச் சண்டை போட்டு வந்தவளாக ஆக்கிவிட்டார்கள். அத்தனையும் அந்தக் கடைக்காரனால்.

அடுத்த முறை போனபோது அம்மாவை உட்கார வைத்து விளக்கினேன். "நான் இந்த வீட்டுப் பொண்ணுன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்குக் காட்டணும்மா. அதுக்குத்தான் வாரேன்."

"அதை அவனுக்கு எதுக்குக் காட்டணும்?" என்றாள். நல்ல கேள்விதான். அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவளுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. கறி எடுக்கத் தம்பியைக் கடைக்கு அனுப்பினாள்.

அதிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு இதே கூத்து. ஒரு தடவை நான் போய் இறங்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. சாயங்காலம்வரை கரண்டுக்குக் காத்திருந்து லாகின் பண்ணினேன். இன்னொரு தடவை விளையாட்டுக்கு ஏதோ திருத்தம் என்று பாதி நாள் இறங்கிக்கொண்டே இருந்தது. திருத்தம் வந்த பிறகு பார்த்தால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் பஸ்கள் பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றன. தம்பி அதற்குள் ஒரு புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருந்தான்.

"திரையில ஓடுத நாலு பிரேம் படத்துல ஒண்ணுதான்க்கா விளையாட்டு போடும். மிச்சம் மூணையும் கார்டே கற்பனை பண்ணிப் போட்டுக்கும். எம்புட்டு வேகம் பாரு!"

"தட்டுல ஒரு இட்லிய வச்சுட்டு மிச்சம் மூணை நெனைச்சுக்கோன்னா நீ சாப்பிடுவியாலே?"

"கண்ணுக்கு வித்தியாசமே தெரியாதுக்கா."

"வயித்துக்குத் தெரியும்லா?"

இப்படியே நாங்கள் கத்திக்கொள்வோம். கடைக்காரன் தள்ளுபடி போட்டால் போதும், தம்பி வாங்கிக் குவிப்பான். பாதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வாங்கினதும் சொந்தமில்லை, விளையாடவும் இல்லை, அப்புறம் எதற்குடா என்றால் கார்டைத் துடைக்கப் போய்விடுவான். அம்மா முறத்தில் பூண்டு உரித்தபடி எங்கள் சண்டையை டிவி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை ஆனால் அவளே போன் போட ஆரம்பித்தாள். "இந்த வாரம் அந்தக் கம்பெனிக்காரன் கூப்பிடுதானா?" என்பாள். இல்லம்மா, அடுத்த வாரம்தான் என்றால், "அதை ஏன் பதினஞ்சு நாளுன்னு வச்சிருக்கான்? வாரா வாரம்னு வச்சா என்ன?" என்பாள். வயிறெரிந்து கிடக்கிறவளிடம் அம்மா வேறு கிண்டல் செய்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, நான் போய் உட்கார்ந்ததுமே தம்பி பெரிய காரியம் சாதித்த முகத்தோடு வந்தான். மில்லில் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"நம்ம வீட்டு ரவுட்டர் வழியா உன் லேப்டாப்ப இழுத்துவிட்டுட்டேன்னு வையி, நீ ஸ்ரீவில்லிபுத்தூர்ல உக்காந்திருந்தாலும் இங்கன இருக்க மாதிரியே அவனுக்குத் தெரியும். எல்லாம் போட்டு வச்சிட்டேன். இந்தப் பட்டன அமுக்குனாப் போதும். இனிமே நீ லொங்கு லொங்குன்னு பஸ் ஏறி வர வேண்டாம்க்கா."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். இத்தனை நாளும் இதைச் செய்யாமல் என்னலே பண்ணிக்கிட்டிருந்த என்று திட்டவும் செய்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"போடாதலே" என்றாள்.

"ஏம்மா?" என்றான் தம்பி.

"நீ ஷிப்ட்டுன்னு போயிருத. நான் இந்தச் சொவத்தப் பாத்துக்கிட்டுதான் திங்கேன். இவளக் கெட்டிக்குடுத்ததுக்குப் பொறவு அவளா எத்தனை தடவ வந்தா? பொங்கலுக்கு வந்தா, தீவாளிக்கு வந்தா. அந்தக் கம்பெனிக்காரன்தான் எம்மவள அனுப்பி வைக்கான். அதையும் நீ கெடுத்துராத."

குரலில் அழுகையெல்லாம் இல்லை. உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

எனக்கு வழக்கம்போலக் கோபம்தான் முதலில் வந்தது. என் பக்கம் பேச ஒரு ஆளாவது இருக்கிறதா? புருஷன் கடைக்காரன் கட்சி, பெற்றவளும் கடைக்காரன் கட்சி. அப்புறம்தான் யோசித்தேன். நான் இந்த வீட்டுப் பெண்தான் என்று அவனோடு எத்தனை சண்டை போட்டேன். அவன் கட்டாயப்படுத்தாமல் இந்த வீட்டுக்கு எத்தனை ஞாயிறு வந்தேன் என்று எண்ணிப் பார்த்தால், ஒன்றுகூடத் தேறவில்லை. இத்தனைக்கும் டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கத் தூரம்.

தம்பி மவுஸில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தான்.

"அக்கா, போடவா, வேண்டாமா?"

"இப்ப வேண்டாம்லே. கரண்டு விட்டு விட்டு வருது. பொறவு பாத்துக்கிடலாம்" என்றேன்.

கரண்ட் காலையிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. அம்மா எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.