உறை ஒட்டியும் திறந்தே போன ரிப்போர்ட்

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட்டை உறையில் போட்டு, நானே பசை தடவி ஒட்டித்தான் கொடுப்பேன். கணவர் வைத்த வழக்கம். அவர் போன பிறகும் மாற்றவில்லை.

இன்று காலை கம்ப்யூட்டர் பார்ப்பவர் வந்து, ரிப்போர்ட்டுகளைத் தினமும் பேக்கப் எடுக்கும் மென்பொருளைப் புதுப்பித்தார். திரையில் ‘என்கிரிப்ஷன்’ என்ற கட்டம் டிக் இல்லாமல் இருந்தது.

“இது என்ன?”

“புதுசா குட்த்துகீறாங்க மேடம். டேட்டா சென்னை சர்வருக்குப் போறப்போ வழியில யாரும் படிக்க முடியாது.”

“அப்ப இத்தனை நாளா?”

“தொறந்தேதான் போய்க்கினு இருந்துச்சு. வுடுங்க, இந்த மானாம்பதி ஊர்க்காரனோட சக்கரையை எவன் படிக்கப் போறான்? இத்தப் போட்டா அரை நாள் பேஜாரு.”

“போன மாசம் நீங்க இங்க டெஸ்ட்டுக்குக் குடுத்த ரத்தத்தோட ரிப்போர்ட்டும் அதுலதான் இருக்கு, தம்பி.”

தோளில் மாட்டிய பையைக் கீழே வைத்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு டிக் விழுந்தது, பேக்கப்பும் ஒழுங்காகப் போனது.

இத்தனை வருடம் உறையை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தவறு என்னுடையதுதான், முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு என்ன பரிசோதனை என்று யாரும் கமெண்டில் கேட்க வேண்டாம். உங்கள் ஊர் லேபில் அந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று கேட்டுவந்து சொல்லுங்கள்.