ஒரு பாய் அகல இடம்

என்னைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கிளைச்சிறை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதனால் அப்பாவை உள்ளே வைத்தபோது சோறு கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது.

யுத்த காலம் அது. பெருமுக்கல் பக்கம் இருந்த என் பிறந்த ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஏரி மதகைத் திறப்பதில் தகராறு. தடியும் மண்வெட்டியும் தூக்கிவிட்டார்கள். போலீஸ் வந்து அப்பாவையும், அவர் நிலத்தில் கூலி வேலை செய்த சேரி ஆட்களையும், எதிர்த்தரப்புச் சேரி ஆட்களையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்தது. எதிர்த்தரப்பு நிலக்காரர்கள் மட்டும் கெட்டிக்காரர்கள், ஓடிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைக்காரனை எதிர்த்து எங்கு பார்த்தாலும் மறியல், தந்திக் கம்பி அறுப்பு. விழுப்புரத்தில் அடைக்க இடமில்லையென்று அங்கே பிடித்தவர்களையும் ரயிலேற்றி இங்கே அனுப்பினார்கள். இருந்ததே இரண்டு அறை. ஒன்றை மறியல்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாரையும் இன்னொன்றில் திணித்தார்கள். கதவுக்கு மேலே பன்னிரண்டு பேர் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே மூன்று மடங்கு ஆட்கள். கேட்டால், மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், பெரிய ஜெயில்களிலும் இடமில்லையாம் என்பார் வார்டர்.

முதல் நாள் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். சுவரோரமெல்லாம் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். உட்காரக்கூட வழியில்லை. நடுவில் அப்பா துண்டை விரித்துக் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவரைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குத் தரை சும்மா கிடந்தது. யாரும் கோடு கிழிக்கவில்லை. ஊரில் எங்கள் வாசலுக்கு எவ்வளவு தள்ளி நிற்பார்களோ அவ்வளவு தள்ளி இங்கேயும் நின்றார்கள்.

எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். நல்ல காய்ச்சல். கண் சிவந்து, சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் படுக்கச் சொல்லக்கூடாதா என்று அப்பாவைக் கேட்டேன்.

“நானா படுக்காதன்னேன்? அவுங்களா எட்ட நிக்கிறாங்க.”

அவர் சொன்னது நிஜம்தான். அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவரையே கூப்பிட்டு, நடுவில் வந்து படுங்கள் என்றேன். அவர் பதறிப் போனார்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆண்டை படுத்துக்கினு இருக்காரு. அங்க நான் எப்பிடி வந்து படுக்கறது?”

நீங்களாவது எழுந்து உட்காருங்கள் என்று அப்பாவிடம் மன்றாடினேன். இடுப்பு வலி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். வார்டரிடம் பெரியவரை வராந்தாவிலாவது படுக்க விடுங்கள் என்றேன். கைதியை வெளியில் விட்டால் என் வேலை போய்விடும் என்றார். சோற்றுத் தூக்கை நங்கென்று வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போனபோது சிறை வாசலில் கூட்டம். பெரியவர் செத்துப்போயிருந்தார். முகம் கழுவக் கதவைத் திறந்தபோது, இரண்டு பக்கமும் நின்றவர்கள் நகர்ந்த பிறகுதான் அவர் சரிந்தாராம். அதுவரைக்கும் செத்த உடம்பு நின்றுகொண்டே இருந்திருக்கிறது. ஒரு எட்டு வைத்திருந்தால் படுத்திருக்கலாம். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவர்களெல்லாம் மனுஷர்கள்தானா என்று இருந்தது. அந்த இவர்களில் என் அப்பாவும் உண்டு.

பிணத்தை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ராத்திரியே ஊரிலிருந்து புறப்பட்டு நடந்தே வந்திருந்த அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, தள்ளிப் போய் நின்றாள். நான் கிட்டே போனேன். அவள் இன்னும் பின்னால் நகர்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“அவரு சரியும்போது ஆண்டை மேல விழுந்துடலியே அம்மா?”

இல்லை என்றேன். அப்புறம்தான் அவள் மறுபடி உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.