ஜெயன் சரிசெய்த படம்

பாறசாலைச் சபையில் ஜெயன் என்றால் "எந்த ஜெயன்?" என்று கேட்பார்கள். கேமரா ஜெயன் என்றால்தான் தெரியும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பவன் அவன். பிள்ளை லிஜோ பிறந்த சந்தோஷத்தில் மஸ்கட்டிலிருந்த மச்சினன் ஒரு வீடியோ கேமரா அனுப்பிவைத்தான். அன்றிலிருந்து ஜெயனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தை அவன் வேதப்புத்தகத்தைவிட அதிகம் படிக்கிறான் என்று மனைவி ஷீஜா குறைப்பட்டுக்கொள்வாள். விழிஞ்ஞம் கடற்கரையில் எடுத்தால் காற்றிரைச்சலைக் குறைக்கும் செட்டிங்கைப் போடுவான். சபையில் பாட்டு உச்சத்துக்குப் போனால் ஒலியைக் கையாலேயே இறக்குவான். சந்தேகம் கேட்டவனைப் பாடம் முடியாமல் விடமாட்டான். பாவம், அவனுக்கென்று வாய்த்த பெருமை அது ஒன்றுதான்.

அதே கேமராவில் ஃபிளாஷ் போட்டு ஃபோட்டோவும் எடுக்கலாம். லிஜோவின் முதல் பிறந்தநாள் படங்களை டி.வி.யில் போட்டபோது எல்லோர் கண்ணும் சிவப்பாக மின்னியது. பிள்ளைக்கு மட்டும் ஒரு கண் சிவப்பு, மற்றது வெள்ளை.

"இஞ்சப் பாருங்கோ, பிள்ளைக்க கண்ணு ஒண்ணு வெள்ளையா மின்னுது. டாக்டர்கிட்ட காட்டண்டாமா?" என்றாள் ஷீஜா.

"ஏட்டி, அது ஃபிளாஷுக்க கொழப்பம். ஒனக்குக் கேமராவப் பத்தி என்ன அறியும்?"

ஃபிளாஷின் அளவைக் குறைத்தான். கண் சிவப்பைப் போக்கும் செட்டிங்கைப் போட்டான். மற்றவர்கள் கண் சரியாயிற்று, பிள்ளையின் வெள்ளை போகவில்லை. விடுவானா? பிள்ளையின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்தான். ஒரு கோணத்தில் வெள்ளை காணாமல் போயிற்று.

"பாத்தியா?" என்றான். ஷீஜாவும் நம்பினாள். நம்பத்தான் அவளுக்கும் ஆசை. அதற்குப் பிறகு வீட்டில் எடுத்த படங்களிலெல்லாம் லிஜோ முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் அந்தக் கண் மாறுகண்ணாகச் சாயத் தொடங்கியது. ஷீஜா அதற்குமேல் ஒரு பேச்சும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்ணாஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஜெயன் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான்.

சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, உள்ளே கட்டி வளர்ந்திருக்கிறது, உயிர் பிழைக்க வேண்டுமானால் கண்ணை எடுத்தே ஆகவேண்டும் என்றார். முன்பே வந்திருந்தால் கண்ணையும் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம். ஃபோட்டோவில் எப்போதாவது இந்தக் கண் வெள்ளையாகத் தெரிந்ததா என்று கேட்டார்.

ஷீஜா தரையைப் பார்த்தபடி, "இல்ல டாக்டர், ஒண்ணும் கண்டதில்ல" என்றாள்.

வராந்தாவுக்கு வந்ததும் அவன் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான். "நான்தானே மறைச்சேன். நீ ஏன் அப்பிடிச் சொன்ன?"

"பிள்ளைக்குக் கண்ணு போவுது. அப்பனும் போவணுமா? நாளைக்கு வளந்து கேட்டாலும் இதத்தான் சொல்லணும், கேட்டுதா?"

பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அவள் அழ உட்கார்ந்தாள்.