பதினொரு சுருள் கறுப்பு டேப்

என் அக்காவின் கணவரை ஆய்வகத்தில் எல்லோரும் ‘இருட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிறத்தை வைத்து வந்த பெயரல்ல, ஆள் நல்ல சிவப்பு. வேலையால் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒளியை அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. சில ரசாயனங்களைக் கலந்தால் அவை தாமாகவே மினுங்கும். நம் கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த மினுக்கத்தைக் கருவி எண்ணிச் சொல்லும். வெளியிலிருந்து ஊசிமுனையளவு வெளிச்சம் உள்ளே போனாலும் அதையும் சேர்த்து எண்ணிவிடும். அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மாமாவின் வேலை. அதைக் கேலி பேசாத ஆள் அங்கே கிடையாது. ஸ்டோர் கீப்பரான நானும் பேசியிருக்கிறேன்.

ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். தினமும் காலையில் வெற்றுக் குழாயை உள்ளே வைத்து மூடிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கருவியைச் சுற்றி வருவார். மூடியின் விளிம்பு, கீல், திருகாணி ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சத்தை அடித்து, எண் ஏறுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வெற்றுக் குழாய்க்கு ஐந்தோ ஆறோ காட்டினால் சரி. பத்தைத் தாண்டினால் மனிதருக்குச் சோறு இறங்காது. ஸ்டோருக்கு ஓடிவந்து கறுப்பு டேப் வாங்கிப் போவார். வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? கதவிடுக்கில் ஸ்பாஞ்ச், ஜன்னலுக்கு இரட்டைத் திரை. பட்டப்பகலில் ஸ்டூலில் இடித்துக்கொண்டு அக்கா திட்டாத வாரமில்லை.

இப்பேர்ப்பட்ட ஆள் பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். அந்த வருடம் புது உத்தரவு வந்தது. வருடக் கடைசிக்குள் நிரந்தரமாகாத தற்காலிகங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாமாவின் ஃபைல் இயக்குநரின் மேஜையில் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெளியே போனால் வெளிச்சத்தை அடைக்கத் தெரிந்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அக்கா தினமும் எனக்கு ஃபோன் செய்து, கையெழுத்து ஆயிற்றா என்று கேட்பாள்.

அந்த நேரம் பார்த்து இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. கருவிக்குள்ளே நடப்பதை விருந்தினர்கள் பெரிய திரையில் பார்க்க வேண்டுமாம். ஜன்னலைப் பார்த்த பக்கமாகக் கருவியில் துளை போட்டு, கேமரா வைத்து, வயரை வெளியே இழுத்துவிட்டார்கள். இருட்டுக்குள் கேமரா வைத்தால் இருட்டுதான் தெரியும். அதுவே தெரிந்தது, சுவரளவுக்கு. இரண்டு நாளில் கேமராவைக் கழற்றிவிட்டார்கள். துளை மட்டும் தங்கிவிட்டது.

மாமா டேப்போடு போவதற்குள் இயக்குநர் தன்னுடைய புது ரசாயனத்தை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டார். எண் நாலாயிரம் காட்டியது. எதையும் கலக்காமலே தானாக மினுங்கும் பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக அன்றைக்கே மேலிடத்துக்குக் கடிதம் போய்விட்டது. மாமா வெற்றுக் குழாயை வைத்துப் பார்த்தார். அதுவும் நாலாயிரம். பாவம், நல்லது செய்வதாக நினைத்து அதை இயக்குநரிடம் போய்ச் சொன்னார். ரசாயனத்தின் ஆவி வெற்றுக் குழாயிலும் படிந்திருக்கிறது, அப்படியானால் இது நினைத்ததைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்றார் அந்த மேதாவி. மாமா சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

“மேலிடத்திலேர்ந்து குழு வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் அதைத் தொடாதீங்க. உங்க ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

அன்றைக்கு ஸ்டோருக்கு வந்து உட்கார்ந்தவர் டேப் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, அந்தத் துளையைப் பார்த்தால் கை நமநமவென்கிறது என்றார். நான்தான் புத்தி சொன்னேன். பத்தொன்பது வருடம் அடைத்தாயிற்று, ஒரு பத்து நாள் திறந்து கிடந்தால் குடியா முழுகிவிடும், அக்காவை நினைத்துப் பாருங்கள் என்றேன். பெரிய புத்திசாலி நான்!

குழு ஒரு முற்பகலில் வந்தது. மூன்று பேர். தலைவர் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வருகிற உடம்பு. கூடவே ஒல்லியான செயலாளர். மூன்றாவதாகக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, கையில் நோட்டு. நாற்காலி போடும் சாக்கில் நானும் உள்ளே நின்றேன். நல்ல வெயில் ஜன்னல் வழியாக அடித்தது. இயக்குநர் ரசாயனத்தை உள்ளே வைத்தார். நாலாயிரத்து இருநூறு. எல்லோரும் தலையாட்டினார்கள்.

எண்ணைக் கிட்டத்தில் பார்க்கத் தலைவர் ஜன்னல் பக்கமாக வந்து நின்றார். எண் தொள்ளாயிரத்துக்கு இறங்கியது. இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைவர் நகர்ந்தார், ஏறியது. திரும்ப வந்தார், இறங்கியது.

“நான் வந்தா குறையுது, போனா ஏறுதே, எப்படி?”

அவருடைய நிழல் துளையில் விழுகிறது, அவ்வளவுதான். நாற்காலி போட வந்த எனக்கே புரிந்தது. ஆனால் இயக்குநர் சுதாரித்துக்கொண்டு, இந்தப் பொருள் மனிதர்களின் அருகாமையை உணரக்கூடியது, இன்றைக்கு அறிவிக்கலாமென்றுதான் ரகசியமாக வைத்திருந்தேன் என்று ஒரே போடாகப் போட்டார். தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குழந்தை மாதிரி இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே போய்ப் பார்த்துக்கொண்டார். செயலாளர் வந்து நின்றார். ஒல்லி உடம்பு, முந்நூறுதான் குறைந்தது. இயக்குநர் அதையும் விடவில்லை, ஆளுமைக்குத் தக்கபடி விளைவு மாறுகிறது என்றார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கண்ணாடி போட்ட அம்மா மட்டும் சிரிக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் நேரே மாமாவிடம் வந்தார்.

“கருவியைப் பார்த்துக்கறது நீங்கதானே? வெளியிலேர்ந்து வெளிச்சம் ஏதாவது உள்ளே போகுதா?”

மாமாவின் வலது கை சட்டைப்பையில் இருந்தது, டேப் இருக்கிற பை. அவர் இயக்குநரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அக்காவின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினேன்.

“இல்லைங்க மேடம். நல்லா மூடியிருக்கு.”

அந்த அம்மா நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும் வரை மாமா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மாமா நிரந்தரம். அக்கா ஃபோனிலேயே அழுதுவிட்டாள். நானும் சந்தோஷமாகத்தான் உத்தரவை வாங்கிப் படித்தேன். பணி என்ற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: கருவியை இப்போதுள்ள நிலையிலேயே, எவ்வித அடைப்பும் மாற்றமும் செய்யாமல் பாதுகாத்தல். அந்த ஜன்னலைத் தினமும் துடைப்பதும் சேர்ந்துகொண்டது, வாய்மொழியாக. இப்போது டார்ச்சுக்குப் பதிலாகத் துணியோடு நிற்கிறார். வீட்டிலும் திரைகளைக் கழற்றிவிட்டாராம். அக்காவுக்கு ஒரே ஆச்சரியம், மனிதர் திருந்திவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உத்தரவு வந்த மறுநாள் மாமா ஸ்டோருக்கு வந்தார். கையிலிருந்த டேப்பையெல்லாம் மேஜையில் அடுக்கினார். பதினொரு சுருள். பத்து பிரிக்காதவை. பதினொன்றாவது சட்டைப்பையில் இருந்தது, கொஞ்சம் கசங்கியிருந்தது. திரும்ப வருகிற சாமான் குறைந்திருந்தால் காரணம் எழுத வேண்டும் என்பது ஸ்டோர் வழக்கம். அந்தச் சுருளில் ஒரு துண்டு கிழித்த தடம் தெரிந்தது. பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

“இது எங்க ஒட்டினது மாமா?”

“அந்தம்மா கேட்டப்போ வாயை மூட ஒரு துண்டு வேணுமா இருந்துச்சு” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுருள்களின் விளிம்பை விரலால் நேராக்கிவிட்டு, ஜன்னல் துடைக்க நல்ல துணி இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்து, காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே என் பெயரை எழுதினேன்.