நாய்க்கு வாசித்த இசை

அந்த இசை எங்கள் மலைக்கு முதலில் வந்தது ஒரு நாய்க்காக.

சக்குபள்ளத்துக்கு மேலே ஏலத்தோட்டம். வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்த துரையும் துரையாகவே இருந்தார். அவர்கள் விட்டுப்போன பியானோ பங்களாவில் கிடந்தது. அம்மாவுக்கு அங்கே சமையல்கட்டில் வேலை. பின்படியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

நாய் செத்த அன்று துரையம்மா பியானோவைத் திறந்தாள். கனத்த கால் வைத்து யாரோ மேடேறி வருவதுபோல ஒரு நடை. டம்… டம்… டடம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பம் கொட்டகையில், படத்தில் யார் செத்தாலும் வருவது இதுதானே! சிரிப்பு நடிகர் சும்மா மயங்கி விழுந்தால்கூட இதையே ஊதி ஜனங்களைச் சிரிக்கவைப்பார்களே! போலந்துக்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கும் முன்னால் பியானோவுக்கென்று எழுதியது அது என்பதெல்லாம் வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. அன்று நான் பார்த்தது, ஆரஞ்சு மரத்தடியில் துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாய்க்குழியின் முன் நின்றதை.

அடுத்த மாதம் பெரியம்மா செத்துப்போனாள். அம்மாவுக்கு அக்கா. அட்டைக்கடியிலும் மழையிலும் குனிந்து காய் எடுத்தே ஆயுசைக் கழித்தவள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சாவு என்றால் தப்பு முழங்க வேண்டும். முழங்காவிட்டால் போகிறவளுக்கு வழி தெரியாது. ஆனால் துரையம்மாவுக்குத் தலைவலி என்று அந்த வருஷம் தப்புக்குத் தடை. சுடுகாட்டுப் பாதையோ பங்களா வாசல் வழியாக.

கங்காணி வந்து நின்றார்.

"ஏலே, தப்பக் கீழ வை. நம்ம அடி எதுவும் பங்களாவுக்குக் கேக்கப்படாது. துரை உத்தரவு."

தப்பைக் கையில் வைத்திருந்தது மாமா, அம்மாவின் தம்பி.

"நாய் செத்ததுக்குக் கச்சேரி வச்சாவளே, கங்காணியாரே?"

"அது இங்கிலீசு சங்கீதம்டா."

மாமா என் பக்கம் திரும்பினார். "மருமவளே, அந்த இங்கிலீசை ஒருக்கா அடிச்சுக் காட்டு."

ஒரு மாதமாக வீட்டுக் குடங்களையெல்லாம் அதே தாளத்தில் தட்டி அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் நான். தட்டினேன். மாமா கண்ணை மூடிக் கேட்டார்.

"அட, நம்ம நடைதான். கொஞ்சம் நொண்டுது, அம்புட்டுதான்."

பிணத்தைச் சுற்றி இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே அம்மாவும்.

வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சினார் மாமா. பாடை எழுந்தது. பெண்களும் பிள்ளைகளும் பங்களா முக்கு வரை போகலாம், போனோம். வாசலுக்கு வந்ததும் மாமா நின்று அடித்தார். டம்… டம்… டடம். கொட்டகையில் கேட்ட ராகத்தைப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு முனகினோம். பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூடின வாய்க்கு எந்த உத்தரவு போடுவது?

துரை கத்த வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வாய் திறந்தபடியே நின்றது. கை, அவரைக் கேட்காமல், தலைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றியது. என்ன செய்தோம் என்று உறைத்து, முகம் சிவந்து, அவர் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டபோது பெரியம்மா வாசலைத் தாண்டிப் போயிருந்தாள்.

அந்தப் போலந்துக்காரர் சொந்த நாட்டுக்குத் திரும்பாமலே செத்தவராம். பின்னொரு காலத்தில் அவர் நாட்டைப் பிடித்தவர்கள் அவருடைய இசைக்கே தடை போட்டார்களாம். ஜனங்கள் வீட்டுக்குள் கூடி வாசித்தார்களாம். வாசிக்காமல்? எங்கள் லயத்துக்கு வந்திருந்தால் தெருவிலேயே வாசித்திருக்கலாம்.

மறுநாள் காலை, ஆட்களைப் பேர் வாசித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில், மாமாவின் பேரை வாசிக்கவில்லை. அம்மாவையும் பங்களாவுக்கு வரவேண்டாம் என்றார்கள். இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். சாவு வீட்டில் உலை வைக்கக் கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் ஏதாவதொரு வீட்டிலிருந்து மூடின தட்டு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் வந்தது. மழை ஓய்ந்து, அடுத்த காய் எடுப்பு தொடங்கியும் வந்தது. லயத்தில் இத்தனை பேருக்கு, இத்தனை நாளாகியும், பெரியம்மாவை நினைத்துத் துக்கம் ஆறவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.