கோட்டின் மேல் நின்ற மகரந்தம்

1. கூடுதலும் குறைச்சலும்

மாநாட்டுக்கு முந்தின நாள் மதியம் ஒரு மெஷின் என்னைப் பொய்யன் என்று சொன்னது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் தாவரவியல் லேபில் நான் தற்காலிக டெக்னீஷியன். தற்காலிகம் என்றால் ஆறு வருடம். நெல் மகரந்தத்தை அயோடினில் நனைத்து, ஸ்லைடில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் தெரியும் சதுரத்துக்குள் எத்தனை உருண்டை என்று எண்ணுவதுதான் வேலை. நல்லது கறுத்துப் போகும், மலடு வெளுத்து நிற்கும். பெண் பார்க்கப் போன வீட்டில் என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். இதை விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு காபி வரவில்லை.

எங்கள் துறைத் தலைவர் ரமணி சார். திருவையாற்றுப் பக்கம் பழைய மிராசு குடும்பம். நிலம் போய்ப் படிப்பு மிஞ்சியிருந்தது. அவர் மைக்ராஸ்கோப்பில் கேமராவை மாட்டி, கம்ப்யூட்டரில் தானே ப்ரோக்ராம் எழுதி, உருண்டைகளை எண்ண வைத்திருந்தார். மெஷின் எண்ணுவதும் மனிதன் எண்ணுவதும் ஒன்றே என்பது அவர் மாநாட்டில் படிக்கவிருந்த கட்டுரை. அதில் வரும் மனிதன் நான்.

ஒரே ஸ்லைடு, ஒரே சதுரம். மெஷின் நாற்பத்திரண்டு என்றது. நான் ஐம்பத்தெட்டு என்றேன். பத்து ஸ்லைடு பார்த்தோம். பத்திலும் என் கணக்கு கூடுதல், அதன் கணக்கு குறைச்சல்.

"கலியபெருமாள், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரேன்."

"போட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்."

"அப்ப கழட்டிட்டுப் பாரு."

கழற்றினால் ஸ்லைடே தெரியவில்லை. சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கணக்கு ஒத்துப்போனால் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதுவதாக இருந்தாராம். ஆறு வருடக் கணக்கே கோணல் என்றால் எந்த முகத்தோடு எழுதுவது என்று கேட்டார்.

2. அணி திரண்டு வாரீர்

மாநாட்டு பேனரை எழுதியவர் கட்சிகளுக்குச் சுவர் எழுதுகிறவர். 'அளவுசார் நுண்ணோக்கியியல், உயிரியல் படிமப் பகுப்பாய்வு மாநாடு' என்று எழுதிய பிறகும் துணி மிச்சம் இருந்ததால், 'அணி திரண்டு வாரீர்' என்று அவராகவே சேர்த்துவிட்டார். தொடங்கி வைத்த மந்திரி, நில உச்சவரம்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மைக்ராஸ்கோப்பைப் பற்றிப் பேச நேரமில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

ரமணி சார் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. மேடையில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு விஞ்ஞானி அம்மாள். எண்ணிய ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். ஸ்லைடின் படத்தைத் திரையில் போட்டு, என் கையில் ஒரு நீளக் கம்பைக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் எண்ணச் சொன்னார்கள்.

சதுரத்தின் ஓரத்தில் ஓர் உருண்டை, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது. அதைத் தொட்டு எண்ணியதும் அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோட்டு மேல நிக்கறதையும் சேத்துக்குவியான்னு கேக்கறாங்க" என்றார் சார்.

"சேத்துதான் சார் ஆவணும். வரப்புல சாஞ்ச கதிர் அறுத்தவனுக்கு. எங்க ஊர்ல அதுக்காக ரெண்டு வருஷம் கொடி புடிச்சிருக்கோம்."

எங்கள் அப்பா அறுப்புக்குப் போனவர். அந்தக் கதிருக்காக ஊரில் மண்டை உடைந்து, போலீஸ் வந்து, கடைசியில் ஒப்பந்தமே எழுதினார்கள். மைக்ராஸ்கோப்புக்கு வேறு சட்டம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மெஷின் என்ன செய்கிறது என்று அம்மாள் சாரைக் கேட்டார். நான்கு பக்கமும் கோட்டைத் தொட்டதை எல்லாம் தள்ளிவிடும்படி ப்ரோக்ராம் எழுதியிருப்பதாகச் சார் சொன்னார். ஏன் என்றதற்கு இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார், வரவில்லை. என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னதை மைக் பிடித்துக்கொண்டது.

"எங்க தாத்தா ஒரு வரப்புக்காகப் பதினாலு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சார்ப்பா. எல்லையில இருக்கறதுல கை வெக்காதேன்னு வீட்டுல அடிச்சுப் பழக்கிட்டாங்க."

அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற வேளாண் அதிகாரி, வரப்பில் விளைவது பட்டாக்காரருக்கே என்றார். பின்வரிசைப் பேராசிரியர் ஒருவர், அப்படியானால் வரப்பு வெட்டும் கூலியை யார் தருவது என்று எழுந்தார். கால் மணி நேரம் மகரந்தத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் தெரியாத அம்மாள், இவ்வளவு சூடான விஞ்ஞான விவாதத்தை எந்த ஊரிலும் கண்டதில்லை என்று பாராட்டினார்.

பிறகு எங்களுக்கு விதியைச் சொன்னார். மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொடுவதை எடுத்துக்கொள். கீழ்க் கோட்டையும் வலக் கோட்டையும் தொடுவதை விட்டுவிடு, அது பக்கத்துச் சதுரத்துக்குச் சேரும். இந்தத் தொழிலில் இது பாலபாடமாம். அந்தப்படி மறுபடி எண்ணினேன். ஐம்பது. அதற்கு மேலே இருந்த எட்டு என் பேராசை. கீழே குறைந்த எட்டு சாரின் பயம்.

3. குமிழி

அன்று சாயங்காலமே சார் ப்ரோக்ராமைத் திருத்தினார். மறுநாள் பத்து ஸ்லைடையும் இருவரும் திரும்ப எண்ணினோம். ஒன்பதில் ஒத்துப்போனது. பத்தாவதில் மெஷின் ஒன்று கூடச் சொன்னது. குனிந்து பார்த்தேன். ஒரு காற்றுக் குமிழி ஓரம் கறுத்து, மகரந்தம் மாதிரியே உட்கார்ந்திருந்தது.

"இது குமிழி சார்."

சார் பார்த்தார். நிமிர்ந்து என்னையும் பார்த்தார். "சரி, எழுதிடறேன். பக்கத்துல ஆள் இல்லாம இதை நம்ப முடியாது போலிருக்கு" என்றார். வேலை நிரந்தரம் என்று உத்தரவு வர மேலும் எட்டு மாதம் ஆனது. அந்தக் குமிழிக்கு நான் கோயில் கட்டாததுதான் பாக்கி.

ஆறு வருடக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் அறிக்கையில் கொடுத்ததெல்லாம் நூற்றுக்கு எத்தனை மலடு என்ற விகிதம்தான். நல்லதையும் மலட்டையும் நான் ஒரே மாதிரி கூட்டி எண்ணியிருந்ததால் விகிதம் கெடவில்லை. பாரபட்சம் இல்லாமல் திருடினால் இப்படி ஒரு சௌகரியம் உண்டு.

எண்ண உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஓரத்தில் நிற்பதை என்ன செய்வது என்று முதலில் கூட இருப்பவரைக் கேட்டுவிடுங்கள். சாரும் நானும் ஆறு வருடம் ஒரே லேபில் டீ குடித்தோம். ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அவர் ஊருக்கும் என் ஊருக்கும் ஒரே வாய்க்கால் பாசனம்தான்.