கரகரப்பைத் தேடி நாலு நாள்

சுவிட்ச் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் செய்த தப்புக்கு முதலாளி வாயைத் திறப்பதற்குள் கரண்ட்டே திட்டி முடித்துவிடும்.

ரேடியோ வைத்திருப்பவர்களே, ரேடியோ வைத்திருப்பவர் வீட்டு ஜன்னலில் தொங்கிக் கேட்பவர்களே! உங்களுக்கும் எனக்கும் எதிரி ஒருவன்தான். "கர்ர்ர்" என்று வருவான். சண்டையில் எந்த ஊர் விழுந்தது என்று செய்தியில் சொல்லும்போது, சரியாக அந்த ஊர்ப் பெயரின் மேல் ஏறி உட்காருவான். அவன் வானத்திலிருந்து வருகிறான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை. பக்கத்து வீட்டுச் சுவிட்சிலிருந்து வருகிறான்.

எனக்கு வயது பதினேழு. பெயர் அந்தோணி. ராஜபாளையத்தில் தேவசகாயம் முதலாளி கடையில் ஒயர்மேன். முதலாளியின் இருமல், முதலாளி சம்சாரத்தின் கூப்பாடு, பஸ் கண்டக்டரின் "ரைட்டேய்", சாமியாரின் பிரசங்கம் எல்லாம் என் தொண்டையில் குடியிருக்கின்றன. இதற்காக நான் வாங்கிய அடி, கரண்ட்டிடம் வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மூன்று வரிக் கார்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரிட்டயரான போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் கடையில் ரேடியோ வாங்கியிருந்தார். அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். எதிர்வீட்டில் ஞானம்மா என்று ஒரு அம்மா, தையல் மிஷினை நம்பிப் பிழைப்பவர். அவருடைய ஒரே மகன் செல்வராஜ். எங்கள் கடைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவன். எட்டு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. பட்டாளமே பிடிபட்டுப் போச்சு என்றார் ஒருவர். கப்பலோடு போச்சு என்றார் இன்னொருவர்.

அந்தப் புதன்கிழமை ஞானம்மாவுக்குப் பட்டாள ஆபீஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணிக்குச் சிப்பாய்கள் ரேடியோவில் வீட்டாரோடு பேசுவார்கள், செல்வராஜும் பேசுவான் என்று மூன்று வரி. தெருவில் உடனே ஒரு மேதாவி, "பட்டாளத்துல செல்வராஜுன்னு நூறு பேரு இருப்பான். எந்தச் செல்வராஜோ!" என்று கிளப்பிவிட்டான். ஆக, குரலைக் கேட்டால்தான் நிச்சயம். ஆனால் இன்ஸ்பெக்டர் வீட்டு ரேடியோ தினமும் ஆறு மணியானால் கரகரக்க ஆரம்பித்துவிடும்.

ரேடியோ விற்ற பாவத்துக்கு முதலாளி என்னைப் பஸ் ஏற்றினார். நான் போய் இறங்கியதும் ஞானம்மா கார்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அரை நிமிசந்தான் பேச விடுவாகளாம். அதுல பாதி கரகரத்துட்டா, மிச்சத்துல எம் பிள்ளைய நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

ஒரு தெருவுக்கு இரண்டு இன்ஸ்பெக்டர்

சுவிட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு பொறி பறக்கும். சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தால் பறந்துகொண்டே இருக்கும். அந்தப் பொறியின் கூச்சல்தான் ரேடியோவுக்குள் நுழைவது. இதற்கு எங்கள் முதலாளி ஒரு பெட்டி சுவிட்ச் கண்டுபிடித்து வைத்திருந்தார். சுவிட்சைச் சுற்றித் தகரப் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு செம்புக் கம்பி பூமிக்குப் போகும். கூச்சல் பெட்டிக்குள்ளேயே கத்தி, கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். தட்டுகிற குமிழ் எபனைட் என்கிற கருப்புக் கெட்டி ரப்பர், கையில் அடிக்காது. பித்தளையில் செய்ய ஆசைதான். சண்டைக்காலத்தில் பித்தளைக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் டின்னை வெட்டினோம்.

முதல் சந்தேகம் சுப்பையா அண்ணாச்சியின் மாவு மில். வியாழக்கிழமை சாயங்காலம் இன்ஸ்பெக்டரை ரேடியோவுக்கு முன் உட்கார வைத்துவிட்டு மில்லுக்குப் போனேன். "செத்த நேரம் மில்லை நிறுத்துங்க அண்ணாச்சி" என்றேன். "பொம்பளையாளுக கம்பும் சோளமுமா நிக்காக, போலே" என்றார். நான் சுவருக்குப் பின்னால் போனேன். நெஞ்சை நிமிர்த்தினேன். வயிற்றிலிருந்து எடுத்தேன்: "ஏலே சுப்பையா! நிறுத்துதியா, உள்ள தூக்கி வைக்கட்டுமா?"

மில் நின்றது. வரிசையில் நின்ற பெண்கள்கூட மூச்சை நிறுத்தினார்கள். அங்கே ரேடியோவில் கரகரப்பில் பாதி நின்றது. தன் குரல் தெருவில் நடமாடுவதைக் கேட்டு நிஜ இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். என் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே, ஆச்சரியம் தாங்காமல் சொன்னார்: "ஏலே, முப்பது வருச சர்வீஸுல நான் கத்தி ஒருத்தன்கூட இம்புட்டு வெரசா நின்னதில்லலே!"

எலுமிச்சம்பழம் கட்டிய முனி

மில் சுவிட்சுக்கு வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி போட்டேன். "கர்ர்" போய்விட்டது. அதற்குப் பதிலாக "டிக், டிக், டிக்" என்று ஒரு புதுச் சத்தம், பல்லி சொல்கிற மாதிரி. மில்லைச் சுற்றிப் பார்த்தால், தானியம் கொட்டுகிற தகரக் கூம்பின் கழுத்தில் எலுமிச்சம்பழம், வேப்பிலை, மஞ்சள் துணி. "என்ன அண்ணாச்சி, மெசினுக்குக் கல்யாணமா?" என்றேன். சுப்பையா அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். அந்தக் கூம்பை யார் தொட்டாலும் சுருக்கென்று அடிக்கிறதாம். மில் கட்டுகிறபோது ஒரு புளியமரத்தை வெட்டினார்களாம். அதில் இருந்த முனி இங்கே குடிவந்துவிட்டதாம்.

நான் தொட்டேன். முனி எனக்கும் ஒன்று கொடுத்தது. காய்ந்த தலையைச் சீப்பால் வாரினால் காகிதத்துண்டு வந்து ஒட்டும் அல்லவா? அதே சங்கதிதான். பெல்ட் ஓடி ஓடி உரசி மின்சாரத்தைச் சேர்க்கிறது. அது கூம்பில் ஏறி நின்று, வருகிற கையில் பாய்கிறது. கை கிடைக்காதபோது பக்கத்து இரும்புக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் "டிக்". செம்புக் கம்பியைச் சீப்பு மாதிரி பிரித்து பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கூம்பிலும் ஒரு கம்பி கட்டினேன். இரண்டையும் மண்ணில் இறக்கினேன். "தொடுங்க அண்ணாச்சி." ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையால். பிறகு கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினார். முகம் தெளிந்தது. ஆனால் போகும்போது என்னைத் திரும்பக் கூப்பிட்டார்: "ஏலே, முனிய மண்ணுக்குள்ள இறக்கிட்டியே, நாளைக்குக் கெணத்துல தண்ணி எடுத்தா அடிக்காதுலா?"

உப்பைத் தொடவில்லை

அடுத்த குற்றவாளி ராமையாவின் காப்பிக் கடை. அங்கே ஒரே ஒரு பல்பு, அதற்கு ஒரு சுவிட்ச். ராமையா அதைத் தட்ட மாட்டார். வடைக் கரண்டியால் குத்துவார். சுவிட்ச் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் வெள்ளிக்கிழமையே பெட்டி போட்டேன். கடைக்குப் பின்னால் இடுப்பளவு குழி தோண்டி, செம்புத் தகட்டை இறக்கி, ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு உப்பு என்று போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினேன். மண் ஈரமாக இருந்தால்தான் கம்பி நன்றாகப் பூமியைப் பிடிக்கும். அன்று சாயங்காலம் ரேடியோ முக்கால்வாசி தெளிந்தது. நான் தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால் பழைய கரகரப்பு அப்படியே இருக்கிறது. பெட்டி சரி, கம்பி சரி. குழியைப் பார்த்தேன். புது மண். தோண்டினேன். தகடு இருந்தது, உப்பு இருந்தது. கரியைக் காணோம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடுகிற காலம். ஊரில் ஒரு கூடை கரிக்குச் சண்டை நடக்கிறது. ராமையா கடை அடுப்போ தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. நான் அடுப்பைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் உண்மையாகவே மனம் புண்பட்டுப்போய்ச் சொன்னார்: "கரியத்தாம்லே எடுத்தேன், உப்பத் தொட்டேனா?"

என்னிடம் இருந்த குரல்

இன்ஸ்பெக்டரின் அதட்டலில் ராமையா எரியாமல் மிஞ்சிய கரியைத் திரும்பப் போட்டார். மில் சுத்தம். காப்பிக் கடை சுத்தம். தெருக்கோடியில் இருந்த அச்சாபீஸுக்குச் சனிக்கிழமை அரை நாள்; அதுவும் மூடிவிட்டது. தெருவில் இனிமேல் சந்தேகப்பட ஒரு சுவிட்ச் இல்லை. ஆறு மணி அடித்தது. ரேடியோவில் "ஸ்ஸ்ஸ்" என்று எண்ணெயில் எதையோ போட்ட மாதிரி சத்தம். பேசுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசினார். ஞானம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ராமையா என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். "ஏலே அந்தோணி, செல்வராஜு குரல் ஒனக்குத் தெரியும்லா? நாளைக்கு ரேடியோ பெட்டிக்குப் பின்னால நின்னு ரெண்டு வார்த்தை பேசிருலே. பாவம், அந்தப் பொம்பள ஒரு வாய் சோறாவது திங்கும்." அவர் கேலி செய்யவில்லை. நானோ முந்தின நாளே கொல்லைப்புறத்தில் நின்று அவன் குரலில் "அம்மா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அப்படியே வந்தது. எனக்கே பயமாகிப்போய் வாயைக் கழுவினேன்.

"முடியாது அண்ணாச்சி. திரும்பி வந்து என்னை அடிக்கக்கூடிய ஆளுக குரல்தான் நான் பேசுவேன்" என்றேன். ராமையா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்: "அப்போ அவன் வந்து ஒன்ன அடிக்கணும்னு வேண்டிக்கோலே."

அப்பளம் பொரித்த சுவர்

ஞாயிறு ஐந்தரைக்கே இன்ஸ்பெக்டர் வீட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. ஞானம்மா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையில், வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பிஸ்கோத்து டின் நிறைய முறுக்கோடு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். ரேடியோ சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தெருவில் நின்று, "எவனாவது சுவிட்சத் தொட்டீங்க, தொலைச்சிருவேன்!" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே வந்தார். மணி ஆறேகால். இருட்டுகிறதே என்று பல்பை மாட்டிக் கூடத்து விளக்கைப் போட்டார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்."

இன்ஸ்பெக்டர் மறுபடியும் தெருவைப் பார்த்துப் பாய்ந்தார். நான் பாயவில்லை. அந்தச் சத்தம் ரேடியோவில் மட்டுமல்ல, சுவரிலும் கேட்டது. சுவிட்சுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். உள்ளே யாரோ அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள்! தெரு முழுக்க அதட்டியவரின் சொந்தச் சுவிட்ச். தினமும் ஆறு மணிக்கு விளக்குப் போடுகிற அதே கை.

அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அந்த வீட்டில் ஒயரிங் செய்த புண்ணியவான், அந்த ஒரு சுவிட்சில்தான் விளக்கையும் ரேடியோ பிளக்கையும் மாட்டியிருந்தான். பகலில் பல்பைக் கழற்றிவிட்டு ரேடியோ கேட்பார்களாம். பல்பு போட்டதும் சுமை கூடித் தேய்ந்த சுவிட்ச் பொரிகிறது. நான் பல்பைக் கழற்றினேன். பொரிவது குறைந்தது, நிற்கவில்லை. நாலு நாளில் அதன் உயிர் போயிருந்தது. மெயினை அணைத்தேன். வீடு இருண்டது. கூட்டம் "ஐயோ" என்றது. ஒரு மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவிட்சைத் திறந்து, கருகிய செம்பை உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினேன். பெட்டிக்குத் தகரம் இல்லை. ஞானம்மா சொல்லாமலே முறுக்கை இன்ஸ்பெக்டர் துண்டில் கொட்டிவிட்டு டின்னை நீட்டினார். குமிழுக்கு ஓட்டை போட்டு, உள்ளே படாமல் காகித அட்டை ஒட்டி, சுவிட்சின் மேல் கவிழ்த்துத் திருகினேன். ரேடியோவின் பூமிக் கம்பியில் ஒரு கம்பியை எடுத்து டின்னில் கட்டினேன். மெயினைப் போட்டேன். ரேடியோவுக்குள் இருக்கிற வால்வு சூடாக வேண்டுமே! அந்த ஒரு நிமிஷம் யாரும் முறுக்கைக்கூடக் கடிக்கவில்லை. சத்தமே இல்லாமல் ரேடியோ முகப்பின் கண் விளக்கு மட்டும் பச்சையாக விழித்தது.

இன்ஸ்பெக்டர் என் காதோரம் குனிந்து, கூடம் முழுக்கக் கேட்கிற அளவுக்கு ரகசியமாகச் சொன்னார்: "ஏலே, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

அரை நிமிஷம்

மூன்று சிப்பாய்கள் பேசினார்கள். நாலாவதாக, "செல்வராஜ்" என்றார்கள். "அன்புள்ள தாயார் அவர்களுக்கு. நான் இவ்விடம் பூரண சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைக் கோருகிறேன். கவலைப்பட வேண்டாம்" என்று ஒரு குரல் தாளைப் பார்த்துப் படித்தது. வாத்தியார் எழுதிக் கொடுத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. எல்லாக் குரலையும் பிடிக்கிற எனக்கே அது யார் குரல் என்று பிடிபடவில்லை. ஞானம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் பிடிபடவில்லை. அந்தக் கார்டு அவர் விரல்களுக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. படிப்பது முடிந்தது. அரை நிமிஷமும் முடிந்தது.

ஆனால் அந்தப் பக்கம் யாரோ மைக்கை மூட ஒரு மூச்சு நேரம் பிந்திவிட்டார்கள். ஒரு சின்னக் கரகரப்பு இருந்திருந்தால்கூட அமுங்கிப் போயிருக்கும், அத்தனை மெல்லிசாக, தூரத்தில், பயந்துபோன குரல் ஒன்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டது: "ஏலே, முடிஞ்சிட்டா? இனிமே எந்திக்கலாமா?"

கூடம் வெடித்தது. சுப்பையா அண்ணாச்சி அழுதார், ராமையா சிரித்தார், இன்ஸ்பெக்டர் இரண்டையும் சேர்த்துச் செய்தார். ஞானம்மா கார்டை மடியில் வைத்து நீவி நீவி நேராக்கினார். நாலு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "அந்தக் கடுதாசியப் படிச்சது எவனோ, முடிஞ்சிட்டான்னு கேட்டான் பாருங்க, அதுதான் எம் பிள்ளை!"

ஆக, நல்ல சுவிட்ச் வேலை என்பது யார் காதிலும் விழாத வேலை என்பதால், அதைச் செய்தவன் கெட்டிக்காரன் என்று நானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.